புளி போட்டு விளக்கிய சாக்ஸபோன்

அன்று மதியம் எங்கள் கடையில் இருந்தது மொத்தம் ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர், சாக்ஸபோன் வாசிக்கும் அண்ணன், அந்தச் சாக்ஸபோனை விலைக்கு வாங்கக் கோட்டயத்திலிருந்து காரில் வந்த பெரியவர், வாடகைக்கு எடுத்துப்போன அண்டாக்களைத் திருப்பி ஒப்படைக்க வந்த சமையல்காரர். வேறு யாரும் இல்லை. இவ்வளவு கணக்காக நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதற்குப் பிறகு பல நாட்கள், இந்த விஷயம் யார் வாய் வழியாக ஊருக்குள் போகும் என்று இந்த ஐந்து பேரையும் விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன்.

போன வருடம் ஐப்பசியில் நடந்தது. காமயகவுண்டன்பட்டியில் மெயின் ரோட்டு மேலேயே வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறோம். அண்டா, வடசட்டி, தாம்பாளம், ஆளுயரக் குத்துவிளக்கு, நாற்காலி, நின்று சுற்றும் பெரிய ஃபேன் என்று விசேஷ வீட்டுக்கு வேண்டிய எல்லாம் இருக்கும். என் அப்பாவுக்கும் இதே தொழில்தான். நான் ஏழாவது படிக்கும்போது ஒரு முகூர்த்த நாளில் ஆள் பற்றவில்லை என்று லீவு போட்டேன். அந்த லீவு இன்னும் முடியவில்லை.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயம் அதிகம். பேய் பிசாசுக்கு இல்லை. கடையைப் பூட்டிவிட்டுப் பத்தடி போனதும் பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். கேஸை அணைத்தேனா, வண்டியில் ஏற்றிய தட்டு சரியாக நூறு இருந்ததா, பாதி வழியில் மழை வந்தால் என்ன செய்வது என்று ஏதாவது ஒன்று வயிற்றுக்குள் உருண்டுகொண்டே இருக்கும். இவள் இழுக்கிற இழுப்பில் பூட்டு ஒருநாள் தானாகவே வேலையை விட்டுவிட்டுப் போய்விடும் என்று என் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வார்.

பாத்திர விஷயத்தில் மட்டும் எனக்குப் பயமே கிடையாது. வாடகை முடிந்து வருகிற பித்தளைச் சாமானை அன்றைக்கே புளி போட்டு விளக்கிவிடுவேன். எவ்வளவு கறுத்திருந்தாலும் என் கைக்கு வெளுக்கும். அடுத்த வீட்டுப் பொருள் ஒன்று கைக்கு வந்தால், வந்ததைவிடப் பளிச்சென்று திருப்பிக் கொடுப்பதுதான் எங்கள் வீட்டுப் பழக்கம். பக்கத்து வீட்டில் குழம்பு கொடுத்துவிட்ட கிண்ணமாக இருந்தாலும் சரிதான்.

சாக்ஸபோன் அண்ணன் எங்கள் ஊர்தான். அறுபது வயதைத் தாண்டியவர். சொந்தம் இல்லை, ஆனால் கல்யாண வீடு, காதுகுத்து, கோயில் கொடை, சர்ச் திருவிழா என்று எங்கள் பாத்திரம் போகிற இடத்துக்கெல்லாம் அவருடைய பேண்டு செட்டும் வரும். அவரிடம் இரண்டு சாக்ஸபோன் இருந்தன. ஒன்று தினமும் எடுத்துப்போவது. வடக்கே மீரட்டில் கையால் செய்தது. இன்னொன்று பெரிய விசேஷத்துக்கு மட்டும் வெளியே வரும். அது பிரான்ஸ் தேசத்தில் செய்தது. வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு எஸ்டேட் கிளப்பில் வெள்ளைக்காரர்கள் வாங்கிப் போட்டிருந்ததாம். முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் கிளப்பைக் காலி செய்தபோது, அங்கே ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த இவர் எட்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து எடுத்துக்கொண்டார். அந்த எட்டு மாதமும் வீட்டில் சோறு போட்டது நான்தான் என்று அவர் சம்சாரம் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அண்ணனுக்கு மேல்வரிசை முன்பற்கள் ஆடத் தொடங்கி ஒவ்வொன்றாக விழுந்துவிட்டன. நமக்குப் பல் போனால் முறுக்குத்தான் தின்ன முடியாது. அவருக்குப் பிழைப்பே போய்விட்டது. சாக்ஸபோன் முனையை மேல்பல்லால் கவ்விப் பிடித்துத்தான் ஊதவேண்டுமாம். கழற்றி மாட்டுகிற பல் செட் வைத்துப் பார்த்தார். ஒரு மாப்பிள்ளை அழைப்பில் அது நழுவிக் குழலுக்குள் போகப் பார்த்ததாம். செட்டில் அவர் இடத்துக்குக் கீபோர்டு வாசிக்கிற ஒரு ஆளைப் போட்டுவிட்டார்கள். தாடை எலும்பிலேயே திருகிப் பல் வைக்கலாம், ஆனால் ஒன்றேகால் லட்சம் ஆகும் என்று தேனியில் ஒரு பல் டாக்டர் சொன்னார். அண்ணன் யோசித்தார். இரண்டு குழலில் ஒன்றை விற்றால் பல் வரும், பல் வந்தால் இன்னொன்றை ஊதிப் பிழைக்கலாம். பழைய குழல்களைத் தேடித் தேடி வாங்கிச் சேர்க்கும் கோட்டயத்துக்காரர் ஒருவரைப் பற்றி யாரோ சொல்ல, போனில் படம் எடுத்து அனுப்பினார். ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்குப் பேசி முடிந்தது. நேரில் வந்து பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிட்டு எடுத்துப்போவதாக ஏற்பாடு.

அண்ணன் வீடு கார் நுழைய முடியாத சந்தில் இருக்கிறது. மழைக்கு ஒழுகவும் செய்யும். அதனால் எங்கள் கடையில் வைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டார். அதற்கென்ன என்றோம். முந்தின நாள் காலையில் பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அவர் பல்லுக்கு அளவு கொடுக்கத் தேனிக்குப் போகவேண்டியிருந்தது. கம்பத்துக்குப் போகிற டவுன் பஸ் வேறு வந்துவிட்டது. ஏறுகிற அவசரத்தில், "நாளைக்குப் பார்க்க வர்றாக தாயி, பார்வையா வைங்க" என்றார். அப்படித்தான் என் காதில் விழுந்தது.

பார்வையாக வை என்றால் எங்கள் பக்கம் என்ன அர்த்தம்? பார்க்க லட்சணமாக வை என்றுதான். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பிள்ளைக்கு முகம் கழுவிப் பொட்டு வைக்கமாட்டோமா?

பஸ் போனதும் பெட்டியைத் திறந்தேன். எனக்கு ஒரே வருத்தமாகப் போய்விட்டது. இவ்வளவு விலை போகிற பொருள் இப்படியா இருக்கும்? வாய் விரிந்த பக்கம் முழுக்கப் பழுப்பும் கறுப்பும் பச்சையும் திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது. அதன் மேல் ஏதோ பூவும் கொடியும் செதுக்கியிருப்பது மங்கலாகத் தெரிந்தது. வருகிறவர் இதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டால் அண்ணன் பல் என்னாவது என்று எனக்குக் கவலை வந்துவிட்டது. எனக்குக் கவலை வந்தால் கை சும்மா இருக்காது.

எலுமிச்சம்பழ அளவு புளியை ஊறவைத்தேன். கொஞ்சம் செங்கல் பொடி, கொஞ்சம் உப்பு, தேங்காய் நார். மேலெல்லாம் நெம்புகோலும் கம்பியுமாக இருந்ததால் அங்கே கை வைக்கவில்லை. வாய் விரிந்த பக்கத்தை மட்டும் மடியில் வைத்து விளக்கினேன். முக்கால் மணி நேரம். கறுப்பு வழிந்து வழிந்து ஓடியது. ஒரு குடம் தண்ணீர் விட்டுக் கழுவினேன். குழலுக்குள்ளும் தண்ணீர் போயிருக்கும், அண்டாவுக்குள் போவதில்லையா என்று விட்டுவிட்டேன். துடைத்து வெயிலில் காட்டியபோது கண் கூசியது. சாயங்காலம் வந்த என் வீட்டுக்காரர்கூடப் பார்த்துவிட்டு, "நேத்துச் செஞ்சது மாதிரி இருக்கே" என்றார். அன்றைக்கு எனக்கு ஏக சந்தோஷம்.

சந்தோஷம் மறுநாள் காலை வரைக்கும்தான் இருந்தது. பெட்டியை மேசைமேல் எடுத்து வைத்தபோது இன்னொரு தடவை பார்க்கலாம் என்று திறந்தேன். பகல் வெளிச்சத்தில் பார்த்தால் கீழ்ப்பாதி தங்கம் மாதிரியும் மேல்பாதி இருட்டாகவும் இருந்தது. இரண்டு வேறு வேறு சாமானை ஒட்டவைத்தது போல. செதுக்கியிருந்த பூக்களைத் தடவிப் பார்த்தேன். முந்தின நாள் விரலில் தட்டுப்பட்ட அளவுக்கு இப்போது தட்டுப்படவில்லை. ஒரு நெம்புகோலை அழுத்தினேன். அழுந்தியது, எழும்பவில்லை. அதன் அடியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு தோல் வில்லை இருந்தது. அது ஊறி, பாலில் போட்ட பிஸ்கட் மாதிரி உப்பியிருந்தது.

பெட்டியை மூடினேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. தேனியிலிருந்து திரும்பிவந்திருந்த அண்ணன் பதினொரு மணிக்குக் கடைக்கு வந்தார். அவரிடமும் சொல்லவில்லை. "பத்திரமா இருக்கா தாயி?" என்று கேட்டார். இருக்குண்ணே என்று சொல்லிவிட்டு, ஏற்கனவே எண்ணி வைத்த தட்டுகளை மறுபடி எண்ண உட்கார்ந்துவிட்டேன். அவர் சந்தோஷமாக இருந்தார். டாக்டர் அளவெடுத்ததை, வாய்க்குள் மாவு மாதிரி எதையோ வைத்து அமுக்கியதை எல்லாம் என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். தை மாத முகூர்த்தங்களுக்கு வந்துவிடுவேன் என்று செட்டு ஆட்களுக்குப் போன் பண்ணியும் சொல்லிவிட்டாராம். அதைக் கேட்கக் கேட்க எனக்குத் தட்டு எண்ணிக்கை தப்பிக்கொண்டே இருந்தது.

மதியம் கார் வந்தது. வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு பெரியவர் இறங்கினார். ரப்பர் தோட்டம் வைத்திருப்பவராம். சின்ன வயதில் சர்ச் பேண்டில் வாசித்தவராம். வீட்டில் நாற்பதுக்கு மேல் பழைய குழல்கள் வைத்திருக்கிறாராம். டீ குடித்துக்கொண்டே மலையாளம் கலந்த தமிழில் நன்றாகப் பேசினார். சமையல்காரர் அப்போதுதான் அண்டாக்களை இறக்கி வைத்துவிட்டு, வேடிக்கை பார்க்க ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

பெரியவர் பெட்டியைத் திறந்தார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கையிலிருந்த போனைத் திறந்து, அண்ணன் அனுப்பிய படத்தையும் குழலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இது ஆரு கழுகியது?" என்று கேட்டார். கழுவியது யார் என்று கேட்கிறார். மலையாளம் தெரியாவிட்டாலும் எங்கள் பக்கம் அது எல்லாருக்கும் விளங்கும்.

சமையல்காரர் எனக்குக் கொழுந்தன் முறை. எப்போதும் என்னை வம்புக்கு இழுக்கிற ஆள். குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "என்ன மதினி, இந்தக் குழாயில ரசம் வச்சீகளா? புளி வாசம் ஆளைத் தூக்குது" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார்.

அண்ணன் எழுந்து வந்து குழலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். அதற்குள் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பெரியவர் பக்கம் திரும்பி, "நான்தான் சார். நீங்க பார்க்க வர்றீகளேன்னு நேத்துக் கொஞ்சம் தேச்சு வச்சேன்" என்றார்.

பெரியவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். அந்தப் பழுப்பு அழுக்கு இல்லையாம். செய்தவர்கள் பூசிய மேல்பூச்சு காலத்தால் நிறம் மாறியதாம். அது அப்படியே இருந்தால்தான் இந்தக் குழலில் வேறு யாரும் கை வைக்கவில்லை என்று அர்த்தமாம். இந்த மாதிரித் தகட்டை மரச் சுத்தியலால் தட்டித் தட்டி வாயை விரித்து, அதன் மேல் பூவைக் கையால் வெட்டியவர்கள் இன்றைக்கு அந்தத் தேசத்திலேயே அரிதாகிவிட்டார்கள். இப்போது எல்லாம் மிஷினில் ஆயிரக்கணக்கில் வந்து விழுகிறது. அதனால்தான் உலகம் முழுக்கப் பழையதைத் தேடி அலைகிறார்கள், அதனால்தான் இந்த விலை. தேய்த்த குழலுக்கு அந்த விலை கிடையாது. அதிகம் போனால் எழுபத்தைந்தாயிரம் கொடுக்கலாம் என்றார்.

சொல்லிவிட்டு அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். முப்பத்தைந்து வருடமாகத் தேய்க்காத ஆள் நேற்றைக்கு மட்டும் எப்படித் தேய்த்தீர்கள் என்று கேட்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். எழுபத்தைந்துக்குப் பல் வராது. டாக்டர் கணக்கு எனக்கும் தெரியும்.

பயந்துகொண்டே நான் பேசாமல் விட்ட விஷயங்கள் என் வாழ்க்கையில் நிறைய. அன்றும் பேசாமல் இருந்திருக்கலாம். அண்ணனே பழியை ஏற்றுக்கொண்டாயிற்று. வீட்டுக்காரருக்குத் தெரியும், ஆனால் அவர் என்னைக் காட்டிக் கொடுக்கமாட்டார். ஆனால் வாயை மூடிக் குனிந்து நின்ற அந்த மனுஷனைப் பார்த்ததும், என் பயம் எல்லாம் சேர்ந்து என்னைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டது போல் ஆயிற்று.

"அண்ணன் இல்ல சார். நான்தான் விளக்குனேன். அவுகளுக்கு இப்பத்தான் தெரியும்" என்றேன். புளி, செங்கல் பொடி, உப்பு, ஒரு குடம் தண்ணீர், முக்கால் மணி நேரம் என்று கேட்காததையும் சேர்த்து ஒப்பித்துவிட்டேன். எழும்பாத நெம்புகோலையும் அழுத்திக் காட்டினேன்.

அண்ணன்தான் கேட்டார். "ஏன் தாயி?"

"நீங்கதானே அண்ணே பார்வையா வைக்கச் சொன்னீக."

அண்ணன் அந்த வார்த்தையை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "பார்வையில வைங்கன்னுல்ல தாயி சொன்னேன்" என்றார். கண் பார்வையில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். சொன்னவர் அப்படியே கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தார். "அந்த ‘ல’ பல்லோட போயிருச்சு தாயி" என்றார்.

முதலில் சமையல்காரர் சிரித்தார். பிறகு என் வீட்டுக்காரர். பெரியவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. என் வீட்டுக்காரர் விளக்கிச் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் மட்டும்தான் அழுதேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் மறக்கவே முடியாது. எழுபத்தைந்தைக் கொடுத்துவிட்டு அந்தப் பெரியவர் போயிருக்கலாம். போகவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். காரிலிருந்து ஒரு சின்னத் தோல் பை வந்தது. திருப்புளி, கொக்கி ஊசி, எண்ணெய்ச் சீசா எல்லாம் அதில் இருந்தன. எங்கள் வாடகை ஃபேன் ஒன்றைக் குழல் பக்கம் திருப்பி ஓடவிடச் சொன்னார். சிகரெட் சுற்றுகிற மெல்லிய தாள் வேண்டும் என்றார். எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் அது ஏது? சமையல்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு கம்பம் வரை போய் வாங்கி வந்தார். ரசம் என்று வாயை விட்டதற்குத் தண்டனை என்று அவரே சொல்லிக்கொண்டார்.

பெரியவர் ஒவ்வொரு நெம்புகோலாகக் கழற்றினார். தோல் வில்லைக்கு அடியில் தாளை வைத்து அழுத்தி ஈரத்தை உறிஞ்சி எடுத்தார். நான் தாள் கிழித்துக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் கழற்றிய திருகுகளை வரிசை மாறாமல் ஒரு தாம்பாளத்தில் அடுக்கினார். ஏழு வில்லைகள் உதவாது என்று தூக்கிப் போட்டார். மூன்றுக்குத்தான் அவரிடம் மாற்று இருந்தது. மற்றதை வீட்டில் போய்ப் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். வேலைக்கு நடுவில், அண்ணனுடைய இன்னொரு குழலையும் கொண்டுவரச் சொல்லி வாங்கிப் பார்த்தார். அதைச் செய்த மீரட் பட்டறைச் சந்து அவருக்குத் தெரியுமாம். அங்கே முன்பு சந்து முழுக்கத் தட்டுகிற சத்தம்தான் கேட்குமாம். இப்போது அந்தப் பட்டறைகளில் பாதி வேறு வேலைக்கு மாறிவிட்டன, சீனாவிலிருந்து வருகிற விலைக்கு அவர்களால் செய்து கட்டுபடியாகவில்லை என்றார். அதில் தளர்ந்திருந்த ஒரு கம்பியை இறுக்கிக் கொடுத்துவிட்டு, "இது கொடுக்கண்டா. இந்த மோள் கையிலயும் கொடுக்கண்டா" என்றார். விற்கவும் வேண்டாம், என் கையில் கொடுக்கவும் வேண்டாமாம். கடையே சிரித்தது. அந்த முறை நானும் சிரித்தேன்.

வெயில் தாழ்ந்தபோது வேலை முடிந்தது. பெரியவர் பணத்தை எண்ணி வைத்தார். தொண்ணூறாயிரம். எழுபத்தைந்து என்றுதானே சொன்னீர்கள் என்று அண்ணன் தயங்கினார். அவர் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. என்ன செய்தார்கள் என்று தெரியாத குழலைத்தான் நம்பி வாங்க முடியாது. வேறு எங்கெங்கே கை வைத்தார்களோ என்று சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும். இதில் அந்தச் சந்தேகம் இல்லை. புளி, செங்கல் பொடி, முக்கால் மணி நேரம், அவ்வளவுதான். அதற்குத்தான் இந்தப் பதினைந்தாயிரம் என்றார்.

கொண்டுபோவதற்கு முன்னால் ஒரு தடவை ஊதுங்கள் என்று அண்ணனிடம் நீட்டினார். பல் இல்லையே என்றார் அண்ணன். பிறகு என்ன நினைத்தாரோ, வாங்கினார். இரண்டு உதட்டையும் உள்ளே மடித்து முனையைக் கவ்வி ஊதினார். பாதி காற்று, பாதி நாதம். நாலைந்து சுரம் வந்தது, உதடு வழுக்கிவிட்டது. குழலைத் துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துத் தானே மூடினார். கார் போகிற வரைக்கும் ரோட்டில் நின்றார்.

பேசிய விலைக்கும் வந்த பணத்துக்கும் நாற்பதாயிரம் வித்தியாசம். அது என் கை செய்த நஷ்டம். புது வடசட்டி வாங்கச் சேர்த்து வைத்திருந்த பத்தாயிரத்தை என் வீட்டுக்காரர் நான் கேட்காமலே எடுத்து வந்தார். அண்ணன் வாங்கவே மாட்டேன் என்றார். தெரியாமல் செய்ததுக்குப் பணமா, என் வாய் குழறியதும்தானே காரணம் என்றார். நான் அழ, அவர் மறுக்க, கடைசியில் என் வீட்டுக்காரர்தான் அந்த வார்த்தையைச் சொன்னார். "வாங்கிக்கங்கண்ணே. நீங்க வாங்கலேன்னா இவ ராத்திரி பூராம் உக்காந்திருப்பா. கூட நானும் உக்காரணும்."

அண்ணன் யோசித்தார். "சரி தாயி. இதை வாங்கிக்கிறேன். மிச்சத்துக்கு மாசம் ரெண்டாயிரம், நானே வந்து வாங்கிக்கிறேன். ஒரு மாசம் இல்லேன்னா இல்லேன்னு சொல்லிப்புடணும். வட்டிக்கு வாங்கித் தரக்கூடாது" என்றார்.

அப்போது அவர் என்மேல் இரக்கப்பட்டுத்தான் பணம் வாங்குகிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. பணத்தை வேண்டாம் என்று சொல்லிப் பெரிய மனுஷராக வீட்டுக்குப் போயிருக்கலாம். நான் அதன் பிறகு அவரை ரோட்டில் பார்த்தால் சந்துக்குள் ஒளிந்துகொண்டு காலத்தைக் கழித்திருப்பேன். கொடுக்க ஒரு வழி வைத்து, என்னைத் தலை நிமிர்ந்து நிற்க வைத்தார்.

தேனி டாக்டரிடம் பேசி, குழலைக் கவ்வத் தேவையான நடுப்பற்களை மட்டும் முதலில் வைத்துக்கொண்டார். மற்றதை இருக்கிற பணத்துக்குத் தகுந்தபடி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். எலும்பு ஆறத் தை மாதம் போய்ச் சித்திரை ஆகிவிட்டது. ஓடைப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்கு எங்கள் பாத்திரம் போயிருந்தது. வண்டியிலிருந்து அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தபோது பந்தலில் சாக்ஸபோன் சத்தம் கேட்டது. மீரட் குழல். பழைய குழல் அளவுக்குக் குழைவு இல்லை, பல்லும் புதிது என்பதால் நடுவில் ஒரு சீட்டி அடித்தது என்று அவரே பிறகு குறை சொன்னார். எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. அண்டாவைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். என்ன புள்ள, எண்ணிக்கை தப்பிருச்சா என்று வீட்டுக்காரர் கேட்டார்.

கோட்டயத்துப் பெரியவர் எப்போதாவது போனில் படம் அனுப்புவார். அந்தக் குழலுக்குத் திரும்பப் பூச்சுப் பூசவில்லையாம். பாதி தங்கமும் பாதி இருட்டுமாக அப்படியே வைத்திருக்கிறார். நாற்பது குழல் இருந்தாலும் வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைப் பற்றித்தானாம். அவர் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுமாம்.

ஊருக்குள் யார் சொல்வார்கள் என்று நான் எண்ணியது வீண். சமையல்காரர் முதல் பந்தியிலேயே சொல்லிவிட்டார். இப்போது யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் மேளக்காரர்கள் என்னைப் பார்த்தால் வாத்தியத்தை மடிக்குள் இழுத்துக்கொள்கிறார்கள். நானும் சிரித்துக்கொள்கிறேன். பூட்டை இப்போதும் இழுத்துப் பார்க்கிறேன், அந்தப் பழக்கம் போகவில்லை. ஆனால் அடுத்தவர் பொருள் கைக்கு வந்தால், இதை என்ன செய்யவேண்டும் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் தொடுகிறேன். கேட்பதற்கு வெட்கப்படுவதில்லை.

அண்ணன் மாதம் பிறந்து ஐந்தாம் தேதி வருவார். டீ குடிப்பார், இரண்டாயிரத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைப்பார், அந்த மாதம் எங்கெங்கே வாசித்தார் என்று சொல்வார். ஆடியில் விசேஷம் எதுவும் இல்லை, கையில் பணம் இல்லை. இல்லைண்ணே என்று சொன்னேன். சரி தாயி, டீயைப் போடு என்றார், அவ்வளவுதான். ஒருவரிடம் இல்லை என்று நடுங்காமல் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. இந்த ஐப்பசியோடு ஒரு வருடம் ஆகிறது. கடன் என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்குகிற எனக்கு, பாயில் தலை வைத்ததும் தூங்க விடுகிற கடன் இது ஒன்றுதான்; அதில் இன்னும் எட்டாயிரம் ரூபாய் பாக்கி இருக்கிறது.